மணி அடிக்கும்வரை பேசாதிருந்த ராஜி அக்காவுக்கு

இருக்கிற சோற்றையெல்லாம் என் கோப்பையில் போட்டுவிட்டு, தானும் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்லும் என் ராஜி அக்காவுக்கு,

இன்று போயா, பௌர்ணமி நாள். பங்களாவிலிருந்து இப்போதுதான் நம் லயத்து வீட்டுக்கு வந்தேன். உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையைக்கூட இன்னும் மாற்றவில்லை. ஆமாம், வெள்ளைச் சேலைதான். தோட்டத்துச் சின்னத்துரை முன்பு இருந்த பழைய பங்களாவில் போயாவுக்குப் போயா கூடிக் கண்ணை மூடித் தியானம் செய்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் இப்போது உன் தங்கச்சியும் ஒருத்தி. சிரிக்காதே.

நீ போன மூன்று வருஷத்தில் இங்கே என்னென்னவோ மாறிவிட்டது. ருவான்வெல்லை ரோட்டில் இருந்த செக்பொயிண்ட்டை எடுத்துவிட்டார்கள். சமாதானம், சமாதானம் என்று ரேடியோ காலையும் மாலையும் சொல்கிறது. எனக்கு மட்டும் இன்னும் ஆகவில்லை. அதைத்தான் எழுத வந்தேன். நாலு பேர் படிக்கட்டும் என்று பேப்பருக்கே அனுப்புகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியாதே. நீ அந்தப் பங்களாவுக்குச் சமைக்கத்தான் போனாய். ரப்பர் பால்வெட்டு முடிந்த கையோடு ஓடி, முப்பது பேருக்குச் சோறும் பருப்பும் ஆக்கிவைத்து, சட்டி கழுவி, அப்புறம் ஒருநாள் நீயும் கடைசி வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்துவிட்டாய். லயமே உன்னைக் கிண்டல் செய்தது. "நம்ம மாரியம்மா கோயில் இருக்கையில அங்க போயி என்னா கண்ண மூடிக்கிட்டு?" என்று நானும்தான் கேட்டேன். "அங்க ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தரும் என்னிய ஏய், இங்க வான்னு கூப்புட மாட்டாங்கடி" என்றாய். 

அங்கே ஒரு சட்டம் உண்டு. காலையில் மணி அடித்தால் சாயங்கால மணி வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது. உப்பு வேண்டுமென்றால்கூட விரலைத் தேய்த்துக் காட்ட வேண்டும். பேச உரிமை உள்ள ஒரே ஆள் கூட்டத்தை நடத்தும் பிரின்சிபல் மாத்தயா. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா; பள்ளிக்கூடத்திலிருந்து பென்ஷன் வாங்கிய மனிதர். அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. பயத்தினால் அல்ல. உன் பேர் இருக்கிற காகிதத்தில் அவர் பேரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கொழும்பில் எங்கேயோ குண்டு வெடித்த மறுநாளும் ஒரு போயாதான். தோட்டத்துக்குள் ராணுவ ஜீப் வந்தது. பங்களா விறாந்தையில் ஏறினார்கள். உன்னிடம் அடையாள அட்டை இல்லை; பிறப்புச் சாட்சிப் பத்திரம் கிடைக்காமல் உன் விண்ணப்பம் தோட்ட ஆபீசிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. யார் நீ, எந்த ஊர் என்று கேட்டார்கள். உனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை. மணி அடிக்கவில்லையே!

அடி பைத்தியக்காரி அக்கா, துப்பாக்கி வைத்திருக்கிறவனிடமுமா மௌனவிரதம்? அவர்கள் அதைத் திமிர் என்று நினைத்தார்கள். நீ மாத்தயாவைத் திரும்பிப் பார்த்தாயாம். பேச உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தானே. நாலு வருஷம் உன் கையால் சாப்பிட்ட மனிதர். கண்ணைத் திறந்தார், "எயாவ அபி தன்னே நே" என்றார். இவளை எங்களுக்குத் தெரியாது. சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மற்ற முப்பது பேரும் கண்ணைத் திறக்கவேயில்லை. அப்படி ஒரு ஆழ்ந்த தியானம்!

நான் அப்போது மலையில் பால் வாளியோடு நின்றேன். ஓடி வருவதற்குள் உன்னை ஏற்றிக்கொண்டு ஜீப் போய்விட்டது. அந்த முப்பது பேரில் ஒருத்தியான, கடைவீதியில் அப்பம் சுட்டு விற்கும் சோமாவதியம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுது அழுது சொன்னது. "கண்ண மூடிக்கிட்டுதான் இருந்தேன் மகளே. காத மூட முடியலையே" என்றது. அந்தச் சிங்கள அம்மாவுக்கு இருந்த மனசாட்சியில் கால்வாசி அந்தப் படித்த மனிதருக்கு இருந்திருந்தால் நீ இன்றைக்கு இருந்திருப்பாய்.

ஏழு மாதம் உள்ளே இருந்துவிட்டு இருமலோடு வந்தாய். அடுத்த மழைக்காலத்தை நீ தாங்கவில்லை. அந்த மாதங்களில் ஒருநாள்கூட நீ அவரைத் திட்டவில்லை. "அவரு சொல்லுவாருன்னு நெனச்சேன் புஷ்பம்" என்று மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னாய். "விட்டுரு" என்று பல தடவை சொன்னாய். நீ விட்டுவிட்டாய். நான் விடுவேனா?

முதலில் கோயில் வாசலில் அவர் பேரைச் சொல்லிச் சாபமிட்டுத் தேங்காயை ஓங்கி உடைத்தேன். அவருக்கு என்ன ஆனது தெரியுமா? பேரப்பிள்ளை பிறந்தது. பிறகு பருப்பில் பேதி மருந்து கலக்கலாமா என்று யோசித்தேன். சோமாவதியம்மாவும் அந்தப் பருப்பைத்தானே சாப்பிடும்? அதனால் அதையும் விட்டேன். கடைசியில் உன் சமையல் வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டேன். பகையாளி எப்போது சாப்பிடுகிறான், எப்போது தும்முகிறான் என்று தெரிந்துகொள்ள அடுப்படியை விட நல்ல இடம் எது? அப்புறம் உன்னைப் போலவே கடைசி வரிசையில் பாய் போட்டேன்.

மைத்திரி தியானம் என்று ஒன்று நடத்துகிறாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். முதலில் தனக்கு நல்லது நினைக்க வேண்டும். அடுத்து பிரியமானவருக்கு, அடுத்து யாரோ ஒருவருக்கு, கடைசியில் பகையாளிக்கு. முதல் மூன்றும் எனக்குச் சுலபம். நாலாவது வரும்போது, "இப்ப உங்க பகையாளிய மனசுல நிறுத்துங்க" என்று அவரே அந்த மென்மையான குரலில் சொல்கிறார். நிறுத்துகிறேன் மாத்தயா, நன்றாகவே நிறுத்துகிறேன். பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலிக்கிறது.

அங்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்கு வழி கிடைத்தது. சாயங்கால மணிக்குப் பிறகு செத்தவர்களுக்குப் புண்ணியம் கொடுக்கிறார்கள் அல்லவா? அவரவர் வீட்டில் செத்தவர்களின் பேரைத் துண்டில் எழுதித் தட்டில் போட வேண்டும். மாத்தயா ஒவ்வொன்றாக வாசிப்பார். எல்லாப் பேரும் முடிந்த பிறகுதான் கெண்டியிலிருந்து கோப்பை நிரம்பி வழியத் தண்ணீர் ஊற்றுவார்கள். எல்லோரும் சாது, அதாவது நன்று, என்று சொல்வார்கள். நான் உன் முழுப் பேரைச் சிங்களத்தில் முத்து முத்தாக எழுதிப் போட்டேன்: பெருமாள் ராஜேஸ்வரி.

முதல் போயாவில் அந்தத் துண்டைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது. பிறகு தட்டுக்கு அடியில் சொருகிவிட்டு அடுத்ததை வாசித்தார்.  அடுத்த போயாவும் போட்டேன், அடியில் சொருகினார். நாலு போயா இப்படியே போனது. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் கறுப்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? பாவம் என்கிறாயா? இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று கெண்டி பிடிக்கும் முறை எனக்கு வந்தது. இதற்குத்தானே காத்திருந்தேன். அவர் பேரெல்லாம் வாசித்து முடித்து, ஊற்று என்று கை காட்டினார். நான் அசையவில்லை. நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ஒரு துண்டு பாக்கி இருக்குங்க மாத்தயா. தட்டுக்கு அடியில."

"எழுத்து விளங்கல" என்றார்.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளின் கிறுக்கலை வாசித்தவருக்கு விளங்கவில்லையாம்! "அப்ப விளங்குற வரைக்கும் நிக்கிறேங்க" என்றேன். கெண்டி கனத்தது.  கீழே வைக்கவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராகக் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தார்கள். சோமாவதியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தது, தட்டைத் தூக்கித் துண்டை எடுத்தது, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

"எனக்குக் கண்ணாடி இல்லாமலே விளங்குதே. நீங்களே வாசிங்க" என்று அவர் கையில் வைத்தது.

வாசித்தார் அக்கா. எல்லோர் காதிலும் விழ உன் பேரை வாசித்தார். தண்ணீரை ஊற்றினேன், கோப்பை வழிந்து தட்டு நனைந்தது. முப்பது பேரும் சாது, சாது, சாது என்றார்கள். என் வயிறு குளிரும் என்று நினைத்தேன். குளிரவில்லை. பேரைத்தானே வாசித்தார்? தெரியாது என்று சொன்ன வாய் தெரியும் என்று இன்னும் சொல்லவில்லையே.

எல்லோரும் போன பிறகு அடுப்படி வாசலுக்கு வந்தார். நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் படி இறங்கி அவர் வந்ததே அதுதான் முதல் தடவை.

"எனக்கு அவளத் தெரியும்" என்றார். "பயந்துட்டேன் மகளே. தெரியும்னு சொன்னா இந்த எடத்தையே மூடிருவாங்கன்னு பயந்தேன். மன்னிச்சிரு. இனிமே அந்தப் பேர எழுதாத. என்னால தூங்க முடியல."

அழுதார். ஒரு நிமிஷம் எனக்கும் என்னவோ செய்தது, பொய் சொல்ல மாட்டேன். உடனே நீ கடைசியாக இருமிய இருமல் காதில் கேட்டது.

"எங்கிட்ட சொல்லி என்னாங்க மாத்தயா? எத்தன பேரு முன்னால தெரியாதுன்னு சொன்னீங்களோ, அத்தன பேரு முன்னால சொல்லுங்க."

"எல்லாரும் போயிட்டாங்களே" என்றார்.

"அடுத்த மாசமும் போயா வருதுங்க" என்றேன்.

அக்கா, நீ கோபித்துக்கொண்டாலும் சரி, இதை மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் அந்த வாயால் அந்தக் கூட்டத்தில் சொல்லும்வரை ஒரு போயா தவறாமல் உன் பேரை எழுதிப் போடுவேன். துண்டு இப்போதே எழுதியாயிற்று.

எதையும் விடத் தெரியாத உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி புஷ்பம்