அழைப்பிதழைத் திறந்தவர்கள்

இன்று காலை கல்லூரியில் என் மேசை மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. காகிதப் பத்திரிகைதான், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். அந்த வாசனை பட்டதும் உன் ஞாபகம் வந்தது. ஆனால் அழுகை வரவில்லை. அந்தப் பேராசிரியர் மேல் கோபம்தான் வந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகியும் அது கொஞ்சமும் குறையவில்லை.

உனக்கு வந்த பத்திரிகை கைப்பேசியில் வந்தது. புக்கிட் பெலண்டோக்கில் இருக்கிற உன் சித்தப்பா மகனின் எண்ணிலிருந்து. பத்திரிகையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தெரிந்தால் நம் ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள் ஏழு வருடம் பேச மாட்டார்கள். இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கிற நீயே திறந்தாய். உள்ளே இருந்தது திருட்டுச் செயலி. மதியத்துக்குள் உன் எண்ணிலிருந்து தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அதே பத்திரிகை போய்விட்டது. டீச்சர் அனுப்பியதாயிற்றே என்று எல்லாரும் நம்பித் திறந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். நீ வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். அப்புறம் அதையே பாடமாக எழுதினாய். கோலா பிலாவில் இருக்கிற நம் சின்னக் கல்லூரியும் நகரத்துப் பெரிய பல்கலைக்கழகமும் சேர்ந்து இணையப் பாதுகாப்புக்குப் பாடத்திட்டம் தயாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களிடம் ஆய்வுக்கூடம் இருந்தது. நம்மிடம் ஏமாந்த ஜனங்கள் இருந்தார்கள். உன் பாடத்தின் முதல் வரியே, "முதலில் திறந்தது நான்." எதற்காக உன் மானத்தை நீயே வாங்கிக்கொள்கிறாய் என்று உன்னோடு சண்டை போட்டேன்.

"வெக்கப்பட்டு மூடி வச்சா திருடனுக்குத்தான்டி கொண்டாட்டம்" என்றாய்.

வருடம் ஒருமுறை கல்லூரி, பல்கலைக்கழகம் இரண்டிலும் உள்ள விரிவுரையாளர்களுக்கும் சொல்லாமல் ஒரு போலிச் செய்தி அனுப்பிச் சோதிக்க வேண்டும், ஏமாந்து திறந்தவர் முதல் வகுப்பில் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி எழுதியதும் நீதான். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பல்லைக் காட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பிறகு அந்தப் பாடப் புத்தகம் அச்சாகி வந்தது. அட்டையில் அவர் பெயர் மட்டும். உள்ளே உன் முதல் வரியைக் காணோம். அந்த இடத்தில், "படிப்பறிவு குறைந்த தோட்டத்துப் பெண் ஒருவர்" என்று போட்டிருந்தார். நீ சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது புத்தி கெட்டுப்போய் அதை நான்தான் கொண்டுவந்து காட்டினேன். இரண்டு முறை படித்தாய். "நானாடி அது?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்த மாதமே போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்த கையோடு அவரிடம் போய்க் கேட்டேன். "சின்ன விஷயம்லா. ஏமாந்தவங்க பேரப் போட்டா புத்தகத்த எவன் மதிப்பான்?" என்றார். இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இந்த வருடம் சோதனைச் செய்தி தயாரிக்கும் முறை நம் கல்லூரிக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகை என்றால் உஷாராகிவிடுவார். அவருடைய பலவீனம் எனக்குத் தெரியாதா? சிறந்த கல்வியாளர் விருது கொடுத்துப் பொன்னாடை போர்த்துகிறோம், விழாவுக்கு வாருங்கள் என்று எழுதினேன். எல்லாருக்கும் ஒரே செய்திதான் போனது, யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. திறந்தவர் ஒரே ஒருவர். மனைவியையும் அழைத்து வரலாமா என்று பதில் வேறு போட்டிருந்தார்.

உதவியாளர் தெரியாமல் திறந்துவிட்டார் என்று மழுப்பிப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்ட விதித்தாளைக் கூட்டத்தில் எடுத்து வைத்தேன். அடுத்த பதிப்பில் உன் பெயரும் உன் வரியும் வரும் என்று எழுதியும் வாங்கிக்கொண்டேன். போன வாரம் நம் கல்லூரியில் முதல் வகுப்பு. நீ எழுதிய பாடத்தை அவர் கையில் கொடுத்து, இதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன். உன் பெயரைச் சொன்னார். உன் வரியைப் படித்தார். பிறகு தானும் திறந்ததாகச் சொன்னார். முகம் காது வரைக்கும் சிவந்துபோயிருந்தது. பசியோடு வந்தவளுக்கு விருந்து கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்த நேரத்தில் மந்தின் ஊரிலிருந்து வருகிற ஒரு மாணவி கடைசி வரிசையில் எழுந்து, தன் அம்மாவும் அப்படித் திறந்தவர்தான், அன்றிலிருந்து யாரிடமும் பேசாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்று சொல்லி அழுதாளாம். எனக்குக் காதில் விழவில்லை. அந்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மற்ற பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். நீயாக இருந்தால் அவளிடம் ஓடியிருப்பாய்.

அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு உன் எண்ணிலிருந்து எனக்கும் பத்திரிகை வந்தது. நானும் திறந்தேன். நீ பதறிப்போய் வந்து கேட்டபோது, எனக்கு எதுவும் வரவில்லையே என்றேன். நீ நம்பினாய். என்னைத் தவிர எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கிப் பார்த்தாய்.

நாளை மந்தினுக்குப் போகிறேன். அந்த அம்மாவிடம்தான் முதல்முதலாகச் சொல்லப்போகிறேன்.