இந்தப் பேரு சரியில்ல, யாராச்சும் போய்ப் பாருங்க

கூடப் பிறந்த என் கோவக்கார அண்ணே,

நேற்று மத்தியானம் உன் பேரில் திரும்பவும் மெசேஜ் வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மொட்டையாகச் சொன்னால் உனக்குப் புரியாது, நீ போன பிறகு இங்கன நடந்த கூத்தையெல்லாம் சொல்லணும். உயிரோடு இருந்தவரை நான் வாயைத் திறந்தாலே "சுருக்கச் சொல்லு ஆத்தா" என்று வாட்ச்சைப் பார்ப்பாய். இப்போது உனக்கென்ன அவசரம், உட்கார்ந்து கேள்.

சின்னமனூரிலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்கு உன் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போவேன். நான் அங்கே டயாலிசிஸ் நர்ஸ், நீ கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். போகிற வழியெல்லாம் உன் மிஷின் கதையைக் கத்திக் கத்திச் சொல்வாய். காற்றில் பாதி காதில் விழாது. விழுந்த பாதியை வைத்துத்தான் இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதே.

கம்ப்யூட்டருக்குள் புகுந்த வைரஸ் தன் முதலாளியிடம் உத்தரவு கேட்கணும். ஒரே இணைய முகவரியில் கேட்டால் அதை யாராவது பூட்டிவிடுவார்கள். அதனால் அது வாய்க்கு வராத பேர்களாகத் தினமும் நூற்றுக்கணக்கில் உருவாக்கி, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கும். அதில் ஏதாவது ஒன்றை மட்டும் முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பான். அந்தப் பேர்களைக் கண்டுபிடிக்க நீ ஒரு புரோகிராமைப் பழக்கினாய். மனுஷன் வைத்த பேர்கள் ஒரு மூட்டை, வைரஸ் கொட்டின பேர்கள் ஒரு மூட்டை. இரண்டையும் கொடுத்து, வித்தியாசத்தை அதையே படித்துக்கொள்ள விட்டாய். மெஷின் லேர்னிங் என்று நீ பெருமையாகச் சொல்வாய், எங்களுக்கு வாயில் நுழைந்தது மிஷின்தான்.

முதல் வாரம் அது அடித்த லூட்டி ஞாபகம் இருக்கிறதா? இங்கிலீஷ் பேர்களையே தின்று வளர்ந்த மிஷின், வடுகபட்டிப் பூண்டு மண்டியின் இணையதளத்தைப் பார்த்ததும் வைரஸ் என்று அலறியது. உத்தமபாளையம் ஜவுளிக்கடையும் வைரஸ், நம் குலசாமி கோயிலும் வைரஸ். "பய ஊர்நாட்டுக்குப் புதுசு" என்று சொல்லிவிட்டு, கடை, பள்ளிக்கூடம், கோயில், தோட்டம் என்று நம் பக்கத்துப் பேர்களாகத் தேடித் தேடி ஊட்டினாய். நானும் சொன்னேன். சட்டியில் மீன் கொதிக்க, அடுப்படியிலிருந்தே மதினியும் பேர் சொல்லிக்கொண்டிருந்தது. நம் வீட்டில் நாம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த கடைசி ஞாயிற்றுக்கிழமை அதுதான் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் அந்த ஸ்கேன் விவகாரம். ஸ்கேன் படங்கள் மதுரை டாக்டருக்குப் போகும் முகவரியே பார்ப்பதற்கு வாய்க்கு வராத பேர்தான். உன் மிஷின் அதைத் தடுத்துவிட்டது. விபத்தில் அடிபட்டவர் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் காத்துக் கிடந்தார். மேனேஜர் சார் வராந்தாவில் வைத்து உன்னை வாங்கு வாங்கு என்று வாங்கினாக. "இனி உம்ம மிஷினு எதையும் தடுக்கக் கூடாது. சந்தேகம்னா சொல்லட்டும், அவ்வளவுதான்." அவுக சொன்னதிலும் நியாயம் இருந்தது, நீயே ஒத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகுதான் உன் பழைய போனை சர்வர் ரூமில் சார்ஜில் போட்டு, ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குரூப்புக்கு அதிலிருந்தே மெசேஜ் போகிற மாதிரி செய்தாய். உன் பேர், சுருளி அருவியில் தலை சொட்டச் சொட்ட நீ நிற்கிற போட்டோ, நீ எழுதி வைத்த வாசகம். "இந்தப் பேரு சரியில்ல. யாராச்சும் போய்ப் பாருங்க." கீழே எந்தக் கம்ப்யூட்டர் என்று இருக்கும். வந்தால் நீ ஓடுவாய். "உங்க அண்ணன் திரும்பக் கூவிட்டாரு" என்று என்னைக் கிண்டல் செய்வார்கள்.

மழை நாளில் வாழைத்தார் லாரி உன்னை அடித்துப் போட்டதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கடிதம் அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்த நேரம் நடந்ததை எழுதியே ஆகணும். ஆஸ்பத்திரியிலிருந்து எல்லாரும் மாலையோடு வந்து நின்றார்கள். அத்தனை பேர் போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது. உன் போட்டோ. உன் வார்த்தை. யாராச்சும் போய்ப் பாருங்க. நர்ஸ் ஒருத்தி போனைக் கீழே போட்டுவிட்டு வீரிட்டாள். மதினி அந்தப் போனை எடுத்துப் பார்த்தது. உன்னைப் பார்த்தது. திரும்பப் போனைப் பார்த்தது.

மறுநாளும் வந்தது, அடுத்த வாரமும் வந்தது. உனக்குப் பதிலாகப் போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த வெளிக் கம்ப்யூட்டர்காரர்கள் வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு மேனேஜர் வந்தபோது மதினி கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னது: "சார், அந்த மெசேஜ நிப்பாட்டிருங்க. அவுகள இனியாச்சும் தூங்க விடுங்க." அங்கே நின்ற ஒருத்தருக்கும் மறுத்துப் பேச மனசு வரவில்லை. மேனேஜர் அந்த இடத்திலேயே உன் நம்பரைக் குரூப்பிலிருந்து எடுத்தாக.

அடுத்து வந்த ஒரு திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. திரை முழுக்கப் பணம் கேட்டு மிரட்டல். நோயாளிகளின் விவரம் இல்லை, பழைய ரிப்போர்ட் இல்லை. என் வார்டில் போன தடவை யார் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுத்தோம் என்றுகூடத் தெரியாது. நோயாளிகளையே கேட்டுக் கேட்டுத் துண்டுச்சீட்டில் எழுதினோம். அன்றைக்குத்தான் என் வார்டுக்கு வழக்கமாக வரும் கோம்பைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். நீ அவரைப் பார்த்திருக்கிறாய், எனக்கு முருங்கைக்காய் கட்டிக் கொண்டுவருவாரே, அவர்தான். ரத்தத்தை லேபுக்கு அனுப்பிவிட்டு ரிசல்ட்டுக்காக ஆளை விரட்டி விரட்டி அனுப்பினோம். கடைசியில் டாக்டர் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னாக. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது ஆம்புலன்ஸிலேயே போய்விட்டார்.

"எல்லாம் சரியா இருந்திருந்தாலும் பிழைச்சிருப்பார்னு சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் என்னைத் தேற்றினாக. இருக்கலாம். ஆனால் அவர் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குன்னுதான தாயி சொன்னீக?" என்று கேட்டது. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அதற்குப் பிறகு உன் வேலைக்கு ரஸியா என்று உத்தமபாளையத்துப் பெண் ஒருத்தியைப் போட்டார்கள். உன் நாற்காலியில் அவளைப் பார்த்தாலே எனக்கு எரியும், முகம் கொடுத்தே பேசமாட்டேன். ஒருநாள் அவளாகவே வார்டுக்கு வந்து, "அக்கா, கொஞ்சம் சர்வர் ரூமுக்கு வாங்க" என்றாள். அங்கே உன் போன் இன்னும் சார்ஜிலேயே கிடந்தது. நாங்கள் உன் நம்பரைத்தான் எடுத்தோம், மிஷினை யாரும் நிறுத்தவில்லை. பில்லிங் கவுண்டர் கம்ப்யூட்டர் வாய்க்கு வராத பேர்களைக் கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்தே அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மெசேஜுக்கு மேல் மெசேஜ், ஒவ்வொன்றின் பக்கத்திலும் போகவில்லை என்ற சிவப்புக் குறி. விரலால் தள்ளத் தள்ள முடியவே இல்லை.

"அன்னைக்கே யாராவது போய் அந்த ஒரு கம்ப்யூட்டரோட கேபிளைப் பிடுங்கியிருந்தா..." என்று ஆரம்பித்த ரஸியா என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாய், நாங்கள் கதவைச் சாத்தி வைத்திருந்தோம்.

இதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. ஆஸ்பத்திரி முதலாளிமார் காரணம் கேட்க, மேனேஜர் உன்னைக் கை காட்டிவிட்டாக. செல்வம் அனுமதி இல்லாமல் ஏதோ புரோகிராம் போட்டு வைத்திருந்தான், அந்த வழியாகத்தான் வைரஸ் நுழைந்தது என்று. செத்தவன் திரும்பி வந்து பேசவா போகிறான் என்ற தைரியம். சின்னமனூர் காய்கறிக் கடைவரைக்கும் அது பரவிவிட்டது. "உங்க அண்ணன் வச்ச மிஷினாலதான் கோம்பைக்காரரு செத்தாராம்ல?" என்று தக்காளி பொறுக்கிக்கொண்டே ஒருத்தி கேட்கிறாள். என் கையிலும் ஒரு தக்காளி இருந்தது, அவள் முகத்தில் எறியவில்லை, அவ்வளவுதான்.

ரஸியா முதலாளிமாரிடம் உண்மையைச் சொல்லத் தயார் என்றாள். ஆனால் உண்மையைச் சொன்னால், மெசேஜை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள். மதினி கும்பிட்டது வெளியே வரும். உன் பேரைக் காப்பாற்றப் போனால் மதினி தலையில் ஒரு உயிரைத் தூக்கி வைக்கணும். வாயை மூடிக்கொண்டால் காலத்துக்கும் உன் பேர் நாறும். எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன் தெரியுமா? சாமி கும்பிடப் போனால்கூட உன்னிடம்தான் கேட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னாயா, படுபாவி?

கடைசியில் மதினியிடமே சொல்லிவிட்டேன். மதினிக்குத் தெரியாமல் இனி நான் எதையும் செய்யக் கூடாது என்று தோன்றியது. மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. முழுக்கக் கேட்டது. கையில் இருந்த கீரையை முறத்தில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"அப்ப அவுக கூப்பிட்டுக்கிட்டே இருந்தாகளா மலரு?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

முதலாளிமார் கூட்டிய கூட்டத்துக்கு நானும் ரஸியாவும் மட்டும் போவதாக இருந்தது. நீ எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு மதினியும் பஸ் ஏறிவிட்டது. ரஸியா உன் போனை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் காட்டினாள். மேனேஜர், "அத நிறுத்தச் சொன்னதே அவரு சம்சாரம்தான்" என்று ஆரம்பித்தாக. அதற்குள் மதினி எழுந்துவிட்டது.

"ஆமா, நான்தான் நிப்பாட்டச் சொன்னேன். தாலியறுத்தவ, தாங்க முடியல, சொன்னேன். ஆனா அது எதுக்கு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்? எங்கண்ணு முன்னால வராம வேற எங்கிட்டாவது வர வச்சிருக்கலாம்ல? கோம்பைக்காரருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், சாகுற வரைக்கும் சொல்லிக்கிறேன். அவுக மேல பழி போடாதீக. அவுக சொல்ல வேண்டியதச் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்காக."

மேனேஜர் ஃபேனைப் பார்த்தாக. முதலாளிகளில் வயசானவர், "இப்ப என்னம்மா செய்யணுங்கிறீக?" என்றார். "திரும்பப் போடுங்க. அவுக பேர்லயே, அவுக போட்டோவோட. என்னையும் அந்தக் குரூப்புல சேருங்க" என்றது மதினி.

அது சொன்னபடியே செய்தார்கள், ஆனால் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை அண்ணே. உன் மேல் தப்பில்லை என்று அந்த அறைக்குள் ஒத்துக்கொண்டதோடு சரி. காய்கறிக் கடையில் சொன்ன வாய் சொன்னபடியேதான் இருக்கிறது. கோம்பைக்காரர் வீட்டுக்கு மதினி போய்விட்டு வந்தது. அங்கே என்ன நடந்தது என்று என்னிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது.

நேற்று மத்தியானம் வந்த மெசேஜுக்கு இப்போதுதான் வருகிறேன். சாப்பாட்டு நேரம். எல்லார் போனும் ஒன்றாகச் சத்தம் போட்டது. ஈரத் தலையோடு நீ. இந்தப் பேரு சரியில்ல, யாராச்சும் போய்ப் பாருங்க. மருந்தகக் கம்ப்யூட்டர். கேன்டீனில் சோற்றுக் கையோடு அத்தனை பேரும் எழுந்துவிட்டோம். மேனேஜர்கூட எழுந்தாக. ரஸியா படியில் செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

ஒன்றும் இல்லை. பொட்டிப்புரத்துப் பக்கம் புதிதாகத் திறந்த பள்ளிக்கூடத்தின் இணையதளம். மருந்தகத்துப் பெண் தன் மகளைச் சேர்க்க விசாரித்திருக்கிறாள். அத்தனை ஊர் சேர்த்தாயே, அந்தப் பேர் உன் மூட்டைக்குள் எப்படி இருக்கும்? யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்ச் சோற்றில் கை வைத்தோம்.

அப்போது குரூப்பில் இன்னொரு மெசேஜ் வந்தது. சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை எழுதாத மதினி, உனக்குப் பதில் எழுதியிருந்தது.

"பாத்தாச்சுங்க. ஒண்ணும் இல்ல. நீங்க தூங்குங்க."

இனி நீ நூறு தடவை தப்பாகக் கூப்பிட்டாலும் ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்ப்போம். பார்த்துவிட்டு வந்து உனக்குச் சொல்வோம். இது நம் ஆத்தா மேல் சத்தியம்.

உன் பைக்கின் பின்சீட்டில் வளர்ந்த தங்கச்சி,
மலர்