முப்பத்தேழாம் ஏட்டை நீக்கி எழுதிய ஓலை

நெறி வழுவாது நிற்க. வெண்கோட்டு நாடுடைய எழினிமாதேவியார், ஆழிமங்கலத்து அரியணையில் வீற்றிருந்தருளும் நாற்பத்தோராம் ஆண்டில் திருவாய்மொழிந்த ஓலை. முத்தாற்றுத்துறைத் தூதுச்சாவடி அதிகாரி குறும்பன் ஆதித்தன் காண்க. நும் துறையில் கலங்கள் கரை தவறாவாகுக; நும் ஊரார் உப்பு மழையில் கரையாதாகுக.

நாட்டார் தம் ஓலையைச் சுருட்டி, நூல் கட்டி, அரக்கிட்டுச் சாவடியில் ஒப்படைப்பதும், சாவடியார் அதனை உரியவர் கையிலன்றிப் பிறர் கையில் கொடாதிருப்பதும் தேவியார் ஏற்படுத்திய ஒழுங்கு. சாவடிவழி ஓலை விடுக்கச் சேர்வோர் அதன் உடன்படிக்கையை வாசிக்கக் கேட்டு, ஒப்புதலாக ஏட்டில் நகக்கீறல் இடுவர். அவ்வுடன்படிக்கை நாற்பது ஏடுடையது என்பதை நீர் அறிவீர்.

சென்ற செவ்வாயன்று, குறைகேட்கும் வேளையில், நும் ஊர் உப்பளத்துக் காரி என்பாள் இரண்டு நாள் நடந்த காலோடு அவைமுன் வந்து நின்றாள். தன் மருமகள் எயினி, மலைப்புறத்தில் வாழும் தமையனுக்கு ஓர் ஓலை விடுத்தாள் என்றும், சாவடியார் அதனைப் பிரித்துப் படித்துத் தன் மகனிடம் உரைத்தனர் என்றும், அவன் அவளை உப்பறையில் இட்டுப் பூட்டி ஒன்பது நாள் ஆயிற்று என்றும் முறையிட்டாள். அவன் கைநீட்டுபவன் என்பதை ஊரும் அறியும், பெற்ற தானும் அறிவாள், மகனென்று மறைத்துப் பேசத் தனக்கு வாய் வரவில்லை என்றாள். பூட்டை உடைக்கத் தன் கைக்கு வலுவில்லை, அரண்மனைக்கோ அவ்வலுவுண்டு என்றும் கூறினாள். அவள் சொல்லி முடிக்குமுன் மெய்காவலர் நால்வர் குதிரையேறினர்.

காரி புறப்பட்டதை அறிந்து நீர் விரைந்தனுப்பிய விடையும் அன்றே வந்தது. சாவடியின் நல்லொழுங்கின்பொருட்டு அதிகாரி எவ்வோலையையும் பிரித்து நோக்கலாம், தக்கவர்க்கு உரைக்கலாம் என முப்பத்தேழாம் ஏடு கூறுவதாகவும், எயினி அதற்கு நகக்கீறல் இட்டவள் ஆதலின், கேளாமற் கீறியது அவள் பிழையன்றி நும் பிழையன்று எனவும் எழுதினீர். நாற்பது ஏட்டையும் கேட்கும் பொறுமையுடையார் இந்நாட்டில் எவரும் இலர் என நகையாடவும் செய்தீர். எயினியின் ஓலையையும் உடன் வைத்து, தேவியார் அதனை ஒருமுறை படிப்பின் நும் செயலை நன்றென்பார் என்றீர்.

தேவியார் உடன்படிக்கையை முதலிலிருந்து வாசிக்கப் பணித்தார். முதல் ஏடு முடிந்ததும், சாவடிகள்தோறும் நிகழும் வழக்கப்படி, அவையோர் அனைவரும் ஒரே குரலில் கேட்டோம் என்றனர். தேவியாரின் வாயும் அச்சொல்லைச் சொல்லிவிட்டது. எஞ்சிய முப்பத்தொன்பது ஏடும் வாசிப்போர் கையில் அப்படியே இருந்தன.

தேவியார் அம்முதல் ஏட்டை வாங்கிப் பார்த்தார். அதன் அடியில், பதினோராண்டுக்கு முன் தாமே இட்ட இலச்சினை இருந்தது. அன்று வேற்றுநாட்டுத் தூதர் காத்திருந்தமையால் முதல் ஏட்டை மட்டும் கேட்டு இலச்சினையிட்டு எழுந்து சென்றது அவர் நினைவுக்கு வந்தது. பின் நின்றபடியே எஞ்சியவற்றைக் கேட்டார். முப்பத்தேழாம் ஏட்டில் ஓர் எழுத்துப்பிழையும் இல்லை, சொற்கள் முறைப்பட நின்றன. இத்துணைச் செம்மையாக எழுதியவன் தான் எழுதுவது இன்னதென அறியாமல் எழுதியிருக்க இயலாது என்பதே அவரை வருத்தியது. கேளாமை எயினியின் பிழையாயின், அப்பிழையை முதலில் செய்தவர் தாமே என்று அவையறியக் கூறினார்.

அறுந்த நூலோடு எயினியின் ஓலை அவர்முன் கிடந்தது. அமைச்சர் படித்தறிதல் நலம் என்றார். தேவியார் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, அது தமக்கு எழுதப்பட்டதன்று என மறுத்தார். படிக்காமலே மீளச் சுருட்டிப் புதுநூல் கட்டினார்.

ஆதலின் ஆணை இது. முப்பத்தேழாம் ஏடு இன்றே எரிக்கப்படுக. உடன்படிக்கை ஓர் ஏட்டில் அடங்குமாறு எழுதப்பட்டு, முழுவதும் வாசிக்கப்பட்டபின், கடைசி வரியின் கீழ் நகக்கீறல் பெறுக. பழைய கீறல்கள் எவரையும் கட்டா. காரியின் மகன் ஊரவைமுன் நிற்க. அதிகாரிப் பொறுப்பை நீர் இன்றோடு விடுக.

இவ்வோலை கொணர்வார் எயினியின் ஓலையையும் கொணர்வர். அதனைக் காரி காண, மீட்கப்பட்ட எயினியின் கையில் கொடுப்பீராக. அவள் எரிக்க விரும்பின் நெருப்புக் கொண்டு கொடுத்து விலகி நிற்க. அனுப்ப விரும்பின், ஓலை சுமந்தோடும் ஓட்டரை ஏவாமல் நீரே மலைப்புறம் வரை நடந்து, அவள் தமையன் கையில் சேர்த்து, அது காலம் தாழ்ந்த காரணத்தை நும் வாயாலேயே உரைப்பீராக.

இவ்வோலை நூலின்றி, அரக்கின்றி, வழியில் எவரும் படிக்கத் திறந்தே வருகின்றது. இதில் இலச்சினை இல்லையே என்று நீர் ஐயுறவேண்டா. தேவியாரின் இலச்சினை எயினியின் ஓலைமேல் இடப்பட்டுள்ளது.

இவை எழினிமாதேவியார் கைச்சாத்து.