காப்புறுதி புதைத்த இடம்

ஆவணி 12, வியாழன்

பக்கத்து வளவுச் செல்லம்மாக்காவின் கிணற்றில் டீசல் மிதக்கிறது. ஒழுகியது எங்கள் பழைய அரிசி ஆலையின் டீசல் தாங்கிதான். ஒழுகத் தொடங்கிய காலத்தில் ஆலைக்குக் காப்புறுதி இருந்திருந்தால், அது எப்போதோ முடிந்திருந்தாலும் துப்புரவுச் செலவைக் காப்புறுதி நிறுவனத்திடம் இன்றும் கேட்கலாம், ஆனால் பத்திரத்தைக் காட்டவேண்டும் என்றார் சட்டத்தரணி.

அந்தப் பத்திரத்தை, சண்டைக்காலத்தில் இடம்பெயரும்போது அப்பா ஒரு தகரப் பேணியில் போட்டுத் தாங்கியடியில் புதைத்தார். "டீசல் மணக்கிற இடத்தை ஒருத்தனும் கிண்டமாட்டான்" என்றார். வேறு இடமே கிடைக்கவில்லை அந்த மனுசனுக்கு! இன்று கிண்டினேன். பேணிக்குள் டீசலும் கறுத்த கடதாசிக் கூழும்தான் கிடந்தன.

வேலிக்கு அங்கால் நின்று அக்கா கேட்டார்: "தம்பி, கடதாசி எடுத்திட்டீங்களோ?"

"ஓம் அக்கா."

"அப்ப கிணறு சரிவந்திடும்" என்று சிரித்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவினேன். எழுதுகிற இந்தத் தாளிலும் டீசல் மணக்கிறது.