ஜும்மாயைக் குளிப்பாட்டிய பிறகு

நவம்பர் 12

புதுப் பாடத்திட்டம் வந்துவிட்டது. முதல் பாடத்தின் தலைப்பு: 'இஸ்லாமியப் பண்பாடு, பொருளும் அடிப்படைகளும்.' பெண்கள் வகுப்புக்கு மாலமா, அதாவது ஆசிரியை, நான்தான்; நான்தான் நடத்த வேண்டும். எல்லாரும் கல்யாணமானவர்கள், பாதிப் பேர் முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நம்பிக்கை, அறிவு, நீதி, வெட்கம், அமானிதம் என்று பலகையில் எழுதினேன். வேர்க்கடலை விற்கும் தெலு கேட்டாள்:

"மாலமா, அமானிதம்னா பக்கத்து வீட்டுக்காரி குடுத்து வெச்ச பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கறதுதானே?"

அதுவும்தான் என்றேன்.

"அதுக்குப் போய் ஒரு பாடமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பலகையை அழித்தேன். அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 15

இன்று சமையல் முறை ஜும்மாயுடையது. அவளால் எழ முடியவில்லை. நான் களி கிண்டினேன். உள்ளே இருந்தபடியே, "குழம்புல உப்பு கம்மி, புதுப்பொண்ணே" என்றாள். பதினான்கு வருடமாக நான் இந்த வீட்டில் புதுப்பெண். அவள் மூத்த மனைவி. ஒரே முற்றம், எதிரெதிர் அறைகள். சண்டை போட்டதில்லை. பேசியதும் சொற்பம்.

நவம்பர் 27

ஜும்மாய்க்கு ஈரல் கெட்டுவிட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் கணவர் வாசலில் விரித்த பாயிலேயே உட்கார்ந்திருக்கிறார். பாலைக்காற்று தொடங்கிவிட்டது. எல்லாவற்றின் மேலும் புழுதி.

டிசம்பர் 3

ஜும்மாய் கூப்பிட்டனுப்பினாள். அவள் அறைக்குள் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் முறையோ என்னவோ.

"நான் போனப்புறம் நீதான் என்னைக் குளிப்பாட்டணும்."

உங்கள் தங்கைகள் இருக்கிறார்களே என்றேன்.

"மூணும் வாயாடிங்க. நீதான் பேசத் தெரியாதவ. உனக்கேத்த வேலை இது." இருமினாள். "வேற யாரும் உள்ள வரக்கூடாது. தண்ணியை வாசல்ல வெச்சுட்டுப் போகச் சொல்லு."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? பிறகு அவரையும் தன் மகள் பின்தாவையும் அழைத்து, இதுதான் என் வசிய்யத்து, கடைசி விருப்பம் என்று அவர்கள் காதுபடச் சொன்னாள்.

டிசம்பர் 4

ஏன் நான்?

எனக்கு இரண்டு குழந்தைகள். இரண்டும் பிறக்கும்போதே மூச்சில்லை. இரண்டாவதைப் புதைத்த அன்று அவருடைய தங்கை லாரை என் காதில் சொன்னாள்: "ஜும்மாய் இடுப்புல என்னமோ கட்டியிருக்கா அண்ணி. உன் வயித்தை முடக்கறதுக்குன்னே ஓதி வாங்கின தாயத்து." ஊரிலும் அப்படித்தான் பேச்சு. கல்யாண வீட்டில் பெண்கள் கூடிக் குளிக்கும்போதுகூட ஜும்மாய் தனியே போய்த்தான் குளிப்பாள். அது ஒன்று போதாதா பேசுவதற்கு.

நான் நம்பினேனா? நம்பவே இல்லை என்று எழுதினால் பொய்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும்தான் என்னைக் கேட்டிருக்கிறாள்.

டிசம்பர் 9

முற்பகலில் போய்விட்டாள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

தங்கைகள் மூவரும் சத்தம் போட்டார்கள். "கூடப் பொறந்தவங்க நாங்க இருக்கோம், சக்களத்தி குளிப்பாட்டறதா? ஊர் சிரிக்கும்!" அவர் வாசலில் நின்றபடி, "வாய்விட்டுச் சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார். அவ்வளவுதான். லாரை இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை வாசலில் வைத்துவிட்டு ஒரு கணம் கூடுதலாக நின்றாள். நான் கதவைச் சாத்தினேன்.

மேலே துணி போர்த்தி, துணிக்கு அடியில் கைவிட்டுக் கழுவினேன். வலப்பக்கம் முதலில். வயிற்றைத் தவிர எல்லாம் இளைத்திருந்தது; தனியாகவே புரட்ட முடிந்தது. கடைசித் தண்ணீரில் கற்பூரம். பிறகு கஃபன் துணி.

குளிப்பாட்டுகிறவள் பார்த்ததை மூட வேண்டும். சட்டம் அதுதான், எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அதனால் பார்த்ததை எழுதமாட்டேன். இங்கேயும்.

டிசம்பர் 11

துக்கம் கேட்க வந்தவர்கள் கொஞ்சம் ஓய்ந்ததும் லாரை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, இருந்துச்சா?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத. இடுப்புல."

"தண்ணி வெதுவெதுப்பா இருந்துச்சு. நீதானே காய்ச்சின."

"என்கிட்டயேவா?"

எழுந்து போய்விட்டாள்.

டிசம்பர் 14

நான் எதிர்பார்க்காதது இது. லாரை போன இடத்திலெல்லாம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "ஒண்ணுமே இல்லாட்டி, இல்லன்னு சொல்லிட்டுப் போகலாமே? செத்தவங்களைப் பத்தி நல்லதைச் சொல்ல மார்க்கத்துல தடையில்லையே? வாயைத் திறக்கலன்னா என்ன அர்த்தம்?"

கெட்டிக்காரி. அவள் சொல்வதில் ஓட்டை இல்லை. மூடுவதற்காகத்தான் வாயை மூடினேன். மூடிய வாயே சாட்சி சொல்கிறது.

டிசம்பர் 16

பின்தா வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமியார் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லையாம். தாய்க்குத் தெரிந்தது மகளுக்கும் தெரியாமலா இருக்கும் என்று பேச்சாம்.

"சின்னம்மா, ஒண்ணும் இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"நீ நிஜமா என்கிட்ட கேக்கறது என்ன? இல்லன்னு சொல்லணுமா, இல்ல இருந்துச்சா இல்லையான்னு தெரியணுமா?"

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. இரண்டாவதை அவள் கேட்கவே விரும்பவில்லை. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

சாப்பிடாமலேயே போய்விட்டாள்.

டிசம்பர் 17

சொல்லிவிட்டால் என்ன? ஒரே வார்த்தை. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? அந்தப் பெண் நிம்மதியாக இருப்பாள். ஆனால் இன்றைக்கு இவளுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு, நாளைக்கு இன்னொருத்தியைக் குளிப்பாட்டிவிட்டுச் சும்மா இருந்தால் — அவள் கதி என்ன ஆகும்? ஒருத்திக்கு வாயைத் திறந்தால் மற்ற எல்லாரையும் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடாதா?

ஜும்மாய், நல்ல இடத்தில் கொண்டுவந்து என்னை உட்காரவைத்துவிட்டாய்.

டிசம்பர் 20

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கேட்டார். "எனக்காவது சொல்லேன்."

"எனக்கு முன்னாடி பன்னிரண்டு வருஷம் அவங்களோட இருந்தவர் நீங்க. என்னைக் கேக்கறீங்களே."

தொழுகைக்கு ஒளு செய்ய எழுந்தார். "அவ சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கா" என்றார், என் பக்கம் திரும்பாமலே. கோபமா, இல்லையா? தெரியவில்லை.

ஜனவரி 2

ஊர்ப் பாறைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஒரு தாய் மவுத்தானாள். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய், குளிப்பாட்டுகிறேன் என்றேன். நல்ல மனுஷி, ஊரே சொல்லும். நான் வெளியே வந்ததும் மகன்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். "மாலமா, முகம் எப்படி இருந்துச்சு? பிரகாசமா?"

பிரகாசமாகத்தான் இருந்தது என்று சொல்ல எனக்கு அனுமதி உண்டு. சொல்லவில்லை. "துஆ செய்யுங்க" என்றேன். பெரிய மகனுக்கு முகம் சுண்டிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாருடைய விஷயத்திலும் நான் ஊமையாக இருந்தால்தான் ஜும்மாய் விஷயத்தில் நான் ஊமையாக இருந்ததற்கு அர்த்தம் எதுவும் இல்லாமல் போகும். அனுமதிக்கப்பட்ட அந்த நல்ல வார்த்தையையும் விட்டுவிடுகிறேன்.

ஜனவரி 19

மறுபடியும் அமானிதம் நடத்தினேன். இம்முறை ஒரு வாரம் ஓடியது. கணவனைப் பற்றி வெளியே பேசலாமா, மருமகள் அழுததை மகனிடம் சொல்லலாமா — மூச்சுவிடாமல் கேட்டார்கள். தெலு மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. போகும்போது, "நான் நேத்து கடையில ஒண்ணு பேசிட்டேன் மாலமா. உங்களைப் பத்தித்தான். மன்னிச்சு விட்டுருங்க" என்றாள்.

விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 6

இன்னொருத்தியைக் குளிப்பாட்டினேன். பிரசவத்தில், சின்னப் பெண். எழுத முடியவில்லை.

பிப்ரவரி 21

மீண்டும் கூப்பிட்டார்கள், நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து. முன்பின் தெரியாதவர்கள். ஏன் என்னை என்று கேட்டதற்கு, "நீங்க வெளிய சொல்ல மாட்டீங்கன்னு சொன்னாங்க" என்றார் அந்த வீட்டுக்காரர். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 8

லாரையின் மாமியார் நேற்று மாலை இறந்துவிட்டார். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். பின்தா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"நானும் வரட்டுமா? தண்ணி ஊத்தறேன்."

"உன் மாமியார்?"

"அவங்கதான் போகச் சொன்னாங்க."

இருவருமாகக் குளிப்பாட்டினோம். நன்றாகவே ஊற்றினாள், அவசரப்படவில்லை. வெளியே வந்தபோது முற்றம் நிறையப் பெண்கள். தூரத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னம்மா, எப்படி இருந்தாங்க? உடம்புல ஏதாவது..."

பதில் சொன்னது லாரை. அழுது சிவந்த கண்களோடு வாளிகளை எடுத்துக்கொண்டிருந்தவள், நிமிரக்கூட இல்லை.

"அவகிட்ட கேக்காத. பெத்த தாயையே அவ குளிப்பாட்டினாலும் ஒரு வார்த்தை வராது. எங்க ஜும்மாய் அண்ணியை அவதான் குளிப்பாட்டினா. இன்னிக்கு வரைக்கும் ஏதாவது சொல்லியிருக்காளா? யாருக்கும் சொல்ல மாட்டா. அவ அப்படித்தான்."

அந்தப் பெண் என் கையை விட்டாள். பின்தா, அத்தை லாரையின் கையிலிருந்து ஒரு வாளியை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"போலாமா சின்னம்மா? பசிக்குது."

தெருமுனையில் வாங்கிய பணியாரத்தை நடந்துகொண்டே சாப்பிட்டோம்.