ஒரே தலைக்கு இரண்டு கணக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். என் தலைக்கும் ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூளையில் எங்கே எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று ஸ்கேனிலிருந்து கணக்கிடுவதுதானே என் வேலை. புது மென்பொருளைச் சோதிக்க என் தலையையே மறுபடி கொடுத்தேன். முடிவைப் பார்த்த நண்பன், "என்னடா, போன வருஷத்தைவிட இரும்பு இவ்ளோ ஏறியிருக்கு!" என்று பதறினான்.

பிறகு பழைய ஸ்கேனையும் புது மென்பொருளிலேயே ஓட்டினேன். இரண்டும் ஒன்றேதான்! மூளையில் எந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்து மற்ற இடங்களை அளப்பது என்பது நம் கையில் இருக்கிறது. அந்த செட்டிங் மாறியிருந்தது, அவ்வளவுதான். நீ பாத்திரத்தோடும் அப்பா பாத்திரம் கழித்தும் அரிசியை நிறுத்துவிட்டுச் சண்டை போடுவீர்களே, அதே கதை.

கவனிக்காமல் நோயாளிகளின் ஸ்கேன்களை ஒப்பிட்டிருந்தால் இல்லாத நோயைக் கண்டுபிடித்திருப்போம். தவறு தெரிந்ததில் எங்கள் ஆய்வகத் தலைவி மேடமுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "எல்லாத்தையும் ஒரே செட்டிங்ல நீயே மறுபடி ஓட்டு" என்றார். கண்டுபிடித்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அதுதான், அம்மா!

சரிபார்க்க அடுத்த வாரம் திரும்பவும் அந்த ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வேண்டும். அரை மணி நேரம் அசையக் கூடாது. காதில் பாட்டு போடுவார்கள். எனக்கு எல்லாமே சலித்துவிட்டது. நீ அப்பாவைத் திட்டுவதைப் பதிவு செய்து அனுப்பேன். அதைக் கேட்டால் நம் வீட்டில் யாரும் அசைய மாட்டோம்.

மேடம் கூப்பிடுகிறார்.

உன் மகன்

சுருக்கமாகத் திட்டிவிடாதே. அரை மணி நேரம் வர வேண்டும்.