கிணற்று வாளிக்குக் கட்டிய கயிறு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
2-8-1948, திங்கட்கிழமை

அன்புள்ள மகன் கஸ்பாருக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் உன் தங்கை மதலேனும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் கிளாஸ்கோ பட்டணத்தில் நீயும் நேரத்துக்குத் தின்று நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். மாதா கோவிலில் கொடியேறி இன்றோடு எட்டு நாள், வியாழக்கிழமை திருநாள், தெருவெல்லாம் பந்தலும் வளையல் கடையுமாக இருக்கிறது, கச்சான் காற்று மட்டும் ஓயவில்லை, காலையில் பெருக்கிய வீட்டில் மத்தியானத்துக்குள் ஒரு படி மணல் சேர்ந்துவிடுகிறது. நான் கப்பல்காரர் கையில் கொடுத்துவிட்ட கருப்பட்டியை நீ குடியிருக்கிற வீட்டுக்கார அம்மாள் பூட்ஸுக்குப் போடுகிற மெழுகு என்று நினைத்துத் தேய்த்துப் பார்த்தாள் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டு மதலேன் இரண்டு நாள் சிரித்தாள். அந்த அம்மாளிடம் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்க்கச் சொல், அப்புறம் அவளே கேட்டு வாங்குவாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்மேல் எனக்குக் கோபம். முதலில் அதைச் சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் மற்றது. காலேஜ் கோடை விடுமுறை மூன்று மாதமும் இங்கேயே துறைமுக ஆபீஸில் வேலை பழகப் போகிறேன், ஆகஸ்டு கடைசியில் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்த் துறைமுகத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும், அது பிடித்துப்போனால் அடுத்த கோடையில் கடலை அளக்கிற கப்பலில் ஏற்றிக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் மேசை முன்னால் உட்கார்ந்து படத்தின்மேல் படம் வரைந்துகொண்டிருக்க வேண்டியதுதான் என்று நீ எழுதினபோது உன் அப்பா அடைந்த சந்தோஷத்தை நீ பார்க்கவில்லை. நம்முடைய கடலில் எங்கெங்கே எவ்வளவு ஆழம் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள் என்று நீ கேட்டாயா, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷமாகத் தோணி ஓட்டுகிற தண்டல், எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவர், வாயால் சொன்னால் போதாது என்று ஜூன் மாதக் காற்றில் போய்ப் பத்து இடத்தில் கயிற்றில் கட்டின ஈயக்குண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். துறைமுகத்தில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், சீமை எஞ்சினீயர்களுக்கு என்னிடமிருந்து கணக்குப் போகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பத்து நாளைக்கு முன்னால் உன் பதில் வந்தது. உன் அப்பாவுக்கு அச்செழுத்துத்தான் வாசிக்க வரும், உன் கோழிக் கிறுக்கல் வராது என்று உனக்குத் தெரியும், அதனால் எப்போதும்போல் நான்தான் உரக்க வாசித்தேன். இடதுபக்கம் அப்பா சொன்ன ஆழம், வலதுபக்கம் எங்கள் வரைபடத்தில் உள்ள ஆழம் என்று இரண்டு வரிசை எழுதியிருந்தாய். எங்கள் படத்தைவிட உன் அப்பாவின் கடல் ஆழமாயிருக்கிறதே என்று பெரிய எஞ்சினீயர் எல்லார் முன்னாலும் சிரித்தார் என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டிருக்கலாம். அப்பாவின் கணக்கை நம்பி என் மானம் போயிற்று, இனி நம் ஊர் வேண்டாம், லைப்ரரியில் வேறொரு துறைமுகத்தைப் பற்றிய புத்தகம் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். வாசித்துக்கொண்டே வந்தவள் அந்த வரிக்கு முன்னால் நின்றிருக்க வேண்டும், நிற்கத் தெரியாமல் வாசித்துத் தொலைத்தேன். அவர் எழுந்து போய் ஆணியில் தொங்கிய ஆழக்கயிற்றை எடுத்தார், குண்டை அவிழ்த்து மேசைமேல் வைத்தார், கயிற்றைக் கொண்டுபோய்க் கிணற்று வாளிக்குக் கட்டினார். இருபத்திரண்டு வருஷக் கயிறு. நான் பின்னாலேயே போய் நின்றேன். "அவனுக்கு இனி ஒண்ணும் எழுதாதளா, படிச்சவன் படிச்சவங்ககிட்டயே கேட்டுக்கிடட்டும்" என்றார். அதோடு சரி. நான்கு நாள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார், கொடியேற்றத்துக்குக்கூட நாங்கள் கூப்பிட்டபிறகுதான் வந்தார், வந்தும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். துறைமுகத்தில் யாராவது சீமைக்குப் போன கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். பெற்ற தகப்பனை இப்படிப் பயப்பட வைக்கலாமா நீ? சீமைத் தண்ணீர் ஒரு வருஷத்தில் இவ்வளவு செய்யுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, அன்றே உனக்கு நான்கு பக்கம் எழுதினேன், நல்லவேளை, தபாலில் போடவில்லை.

ஏன் நல்லவேளை என்கிறேன் என்றால், குற்றம் உன் அப்பாவுடையது அல்ல, உன்னுடையதும் பாதிதான், மீதி என்னுடையது. திருநாள் சட்டைக்கு அளவெடுக்க அவரை நிறுத்தினேன். வருஷா வருஷம் எடுக்கிற அளவுதான், தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று சிலேட்டில் எழுதிக்கொண்டே வந்தவள், அவர் சொன்ன பாகக் கணக்கு ஞாபகம் வந்து இரண்டு கையும் தோளும் உள்ளங்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். ஐந்தேகால் அடிகூடச் சரியாக வருமோ வராதோ என்று இருந்தது. பாகம் என்றால் என்ன? இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை. அவர் வாலிபத்தில் முத்துக்குளிப்புச் சலாபம் நடந்தபோது முத்துப்பார் தேடுகிற படகில் இருந்து கற்ற வேலை அது, தன் கையை விரித்து விரித்துத்தான் தன் கயிற்றில் முடிச்சுப் போட்டார். கயிறும் அவருடையது, கையும் அவருடையது, தோணியும் அவர் ஓட்டுவது, இத்தனை வருஷத்தில் அதனால் யாருக்கும் ஒரு குறைவும் வந்ததில்லை. அவர் உனக்குச் சொன்னது ஆறு பாகம், நாலு பாகம், ரெண்டு பாகம் என்றுதான். அதை அடியாக்கி, கீழே 'ஒரு பாகம் ஆறு அடி' என்று பெரிய படிப்புக்காரி மாதிரி குறிப்பு எழுதினது யார்? கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாகத் தையலும் அளவும் சொல்லிக்கொடுக்கிற உன் அம்மா. வாய்ப்பாட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஆறடிக்கு மேல் கை உள்ள எந்தத் துரை எழுதினானோ. சட்டைத் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன், ஈரக் கயிற்றில் ஒரு முடிச்சிலிருந்து மறுமுடிச்சுக்கு டேப்பை வைத்தேன். டேப் அறுபது அங்குலம் முடிந்து அதற்குமேல் பன்னிரண்டு அங்குலம் ஓட வேண்டிய இடத்தில் மூன்றே அங்குலத்தில் முடிச்சு வந்துவிட்டது. எல்லா முடிச்சும் அப்படியே. ஐந்தடி மூன்று அங்குலம், மயிரிழை பிசகவில்லை.

உன் கடிதத்தை எடுத்து இரண்டு வரிசையையும் மறுபடி பார்த்தேன். முப்பத்தாறு என்று நான் எழுதின இடத்தில் அவர்கள் படம் முப்பத்தொன்றரை, இருபத்துநாலு என்ற இடத்தில் இருபத்தொன்று, ஆழம் ஏற ஏற வித்தியாசமும் ஏறுகிறது. தப்பான ஸ்கேலை வைத்து வெட்டின துணி இப்படித்தான் வரும். எஞ்சினீயருக்குப் படிக்கிற உனக்கும் அது கண்ணில் படவில்லை, எனக்கும் படவில்லை. போய் உன் அப்பாவிடம் நான்தான் தப்பு, ஆறடி என்று எழுதினவள் நான் என்று சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "ஏளா, ஒன் டேப்பு சரியா இருக்குன்னு யாரு பாத்தா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் பள்ளிக்கூடத்து இரும்பு ஸ்கேலை வாங்கி வந்து ஒத்துப் பார்த்தேன், கால் அங்குலம் இழுபட்டுத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்தார், சோறும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார்.

ஆனாலும் கணக்கை மாற்றி எழுதியனுப்பினால் போதும் என்று நான் சொன்னதற்கு ஒப்பவில்லை. கயிற்றுக்கடை வெள்ளத்துரை அண்ணாச்சியிடம் புதுக் கயிறு வாங்கி வந்து, அதை இரண்டு நாள் கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது சுருங்குகிறவரை சுருங்கி, நீளுகிறவரை நீண்டபிறகுதான் என்னைத் தொடவிட்டார். இரும்பு ஸ்கேலை வைத்து ஆறு ஆறு அடிக்கு ஒரு சிவப்புத் துணி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு வெள்ளை நூல் என்று நான் தைத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை விடிந்ததும் காற்று சற்றுத் தணிந்திருந்தது, ஒரு வள்ளத்தை இரவல் வாங்கிக்கொண்டு போய் அதே பத்து இடத்திலும் குண்டு போட்டு, அந்த நேரம் கடல் ஏற்றமா வற்றமா என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அடியில் எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை குறிப்பு ஒன்றும் எழுதவில்லை. ஒன்பது இடத்தில் அவர்கள் படத்துக்கும் இதற்கும் அரை அடிக்கு மேல் வித்தியாசம் இல்லை.

பத்தாவது இடத்தை மட்டும் கவனி. முயல் தீவுக்குப் பக்கத்தில், அவர்கள் படத்தில் பதினெட்டு அடி போட்டிருக்கிறதே, அங்கே உன் அப்பா முதலில் சொன்னது இரண்டு பாகம். அதைப் பார்த்துத்தான் உங்கள் எஞ்சினீயர் அதிகமாகச் சிரித்திருப்பார், மற்ற இடத்திலெல்லாம் கூடுதல், இங்கே மட்டும் குறைச்சல். சனிக்கிழமை புதுக் கயிற்றில் பத்தரை அடி. மூன்று தரம் போட்டுப் பார்த்தாராம். நானும் விடாமல், படம் போடுகிறவர்கள் சும்மாவா போட்டிருப்பார்கள் என்று கேட்டேன். "படத்துல என்ன வேணும்னாலும் இருக்கட்டும். அங்கன மண்ணு ஏறிக் கெடக்கு. போன வருசம் நான் தட்டுன இடம்ளா அது" என்றார். கஸ்பார், தோணி தரைதட்டினதை இதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை, முதலாளிக்குத் தெரியாது, எனக்கே தெரியாது. பாரத்தோடு அங்கே மாட்டிக்கொண்டு ஏற்றம் வருகிறவரை காத்துக் கிடந்து மெல்ல இழுத்துக்கொண்டு வந்தாராம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை. அதை உனக்காக இப்போது சொல்லியிருக்கிறார். அவர்கள் படம் போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று நீ கேட்டுப் பார். இதை உன் அறிக்கையில் எழுது. முதல் கணக்கு எப்படித் தப்பாயிற்று என்பதையும் மறைக்காமல் எழுது, என் அம்மா வாய்ப்பாட்டை நம்பினாள் என்று எழுது, எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. லைப்ரரிப் புத்தகத்தைப் பார்த்து எழுத உன்னை நாங்கள் கப்பல் ஏற்றவில்லை.

உங்கள் எஞ்சினீயர் இதையும் நம்ப மாட்டேன் என்றால் காட்டுவதற்கு ஒரு நூல் வைத்திருக்கிறேன். தையல் நூலை மூன்று இழையாக முறுக்கி, நீளாமல் இருக்க மெழுகு தேய்த்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டிருக்கிறது. உன் அப்பாவின் பாகம் அது. நேற்றுப் பூசை முடிந்து வந்ததும் நடுவீட்டில் கையை விரித்து நின்றார், நானும் மதலேனும் ஆளுக்கொரு விரல் நுனியில் பிடித்து அளந்தோம். அளந்து முடிந்த பிறகும் அவர் கையை மடக்கவில்லை. போதும், இறக்குங்கள் என்றேன். "இருக்கட்டும்ளா, இன்னொருக்க நல்லாப் பாத்துக்க, புள்ளைக்குப் போறதுல்லா" என்றார். மதலேன் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நான் இன்னொரு தரம் அளந்தேன். நூலை ஆபீஸில் காட்டிவிட்டு அங்கேயே மேசையில் போட்டுவிட்டு வராதே.

மற்றபடி மதலேனுக்கு ஒரு வரன் கேட்டு மணப்பாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது, பையன் பள்ளிக்கூட வாத்தியார், திருநாள் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறோம். அவளிடம் கேட்டதற்கு அண்ணன் வராமல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்கிறாள், ஆனால் பையனின் படத்தை எங்கேயோ எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டாள். நீ ஈரக் காலுறையோடு உட்கார்ந்து படம் வரையாதே. அங்கே ரேஷனில் முட்டை வாரத்துக்கு ஒன்றுதான் என்றால் அதை நீயே தின்னு, கூட இருக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் பெருமையாக எழுதாதே. ஞாயிறு பூசை தவறக் கூடாது.

மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும், நீ கையில் எடுத்த வேலை துலங்கட்டும், அடுத்த கோடையில் நீ அந்தக் கப்பலில் ஏறினாய் என்ற சேதி எங்கள் காதில் விழட்டும் என்று இருவரும் உனக்குச் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். கடைசியாக ஒன்று சொல்கிறேன், மறந்துவிடாதே. உன் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, ஒவ்வோர் எழுத்தையும் அச்சுப்போல் நிறுத்திப் பெரிதாக எழுது. நான் வாசித்துக் காட்ட மாட்டேன், அவரே வாசிக்கட்டும். அந்தப் பழைய கயிறு இன்னும் கிணற்று வாளியில்தான் கிடக்கிறது. அவிழ்த்துப் பழையபடி ஆணியில் மாட்டுங்கள் என்று நான் எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. வாளிக்கு வேறு கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். நீ எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
தொ. பிரகாசியம்மாள்